சுகர் இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் எப்படிச் சாப்பிடுவது? முடிவு கைக்கு வரும்வரைக்கான முழுமையான வழிகாட்டி

வேலை செய்யும் இடத்தில் நடந்த வருடாந்திரப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும். அல்லது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வாசலில் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு, “ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்துடுங்கம்மா” என்று சொல்லியிருப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. உறுதியான பரிசோதனைக்கோ, மருத்துவரைப் பார்ப்பதற்கோ இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதுவரை என்ன சாப்பிடுவது?

இந்த நாட்களில் பெரும்பாலானவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் அன்றைக்கே சோற்றை நிறுத்திவிட்டுக் காலையில் பாகற்காய்ச் சாறு, இரவில் வெறும் வெள்ளரிக்காய் என்று இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், “ரிசல்ட் வந்தா எல்லாத்தையும் விடணுமே, அதுக்குள்ள சாப்பிட்டுக்குவோம்” என்று இனிப்பும் பிரியாணியுமாக அந்த வாரத்தைக் கழிக்கிறார்கள். பயத்தில் செய்வது இரண்டுமே. முதல் வழி பரிசோதனையைக் குழப்பும், இரண்டாவது உடம்பைக் கெடுக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். பத்து வருடம் கழித்தும் உங்களால் தொடர முடியும் என்று தோன்றுகிற மாற்றங்களை இந்த நாட்களிலேயே தொடங்குங்கள். பரிசோதனையில் ‘பாஸ்’ ஆவதற்காக மட்டும் செய்கிற எதையும் செய்யாதீர்கள். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டையும் ஒட்டியதுதான்.

முடிவு ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றாகத்தான் வரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; அதற்கு முந்தைய படியான முன்நிலையில் (‘ப்ரீ டயாபடீஸ்’) நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். நடுவில் நிற்கிற கூட்டமே பெரியது. நீங்களும் அங்கே இருக்கலாம். அங்கே இருப்பவர்களுக்குத்தான் சாப்பாட்டு மாற்றம் மிக அதிகமாக உதவும்.

முதல் படி: நீங்கள் காத்திருக்கலாமா?

சிலர் காத்திருக்கவே கூடாது. அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காரணமில்லாமல் உடல் இளைப்பது, பார்வை மங்குவது ஆகியவை சேர்ந்து இருந்தால் அடுத்த வார அப்பாயின்ட்மென்டை எதிர்பார்க்க வேண்டாம். இன்றோ நாளையோ மருத்துவரைப் பாருங்கள். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குவது, மூச்சில் பழவாடை, அசதி மயக்கம் போன்றவை வந்தால் அது அவசரச் சிகிச்சைக்கான நிலை. எந்த உணவு மாற்றத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இது இன்னும் கறாரான விதி. பிள்ளை திடீரென்று இளைத்து, தண்ணீராகக் குடித்து, படுக்கையை நனைக்கத் தொடங்கினால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். முதல் வகை நீரிழிவாக இருந்தால் இன்சுலின்தான் மருந்து. “இனிப்பைக் குறைச்சுப் பார்ப்போம்” என்று கழிகிற ஒவ்வொரு நாளும் ஆபத்து.

கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்களுக்குப் பரிசோதனை முறையும் வேறு, உணவுத் தேவையும் வேறு. தாமாகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. தாய்சேய் நலப் பிரிவில் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, முட்டை, மீன் போன்றவற்றைக் கூட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

எந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கிறீர்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் சாப்பாட்டை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் உணவோடு உள்ள தொடர்பு வேறு.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, அதாவது எல்லோரும் ‘ஃபாஸ்டிங்’ என்று சொல்வது: குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுப்பது. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத காபிகூடக் கூடாது.

எச்பிஏ1சி: கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும். வெறும் வயிறு தேவையில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்தால் இந்த எண் குறையாது. ஒரு கல்யாண விருந்தால் ஏறிவிடவும் செய்யாது. ஆனால் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் இதில் அதிகம். மாதக்கணக்கில் காத்திருந்து, நடுவில் சாப்பாட்டையும் மாற்றியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இங்கே பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் இந்த அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் ஊரில் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சாப்பாட்டை அடியோடு குறைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று நாள் சோறே தொடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் குடித்தால், அதைச் சமாளிக்க உடம்பு தயாராக இருக்காது. இல்லாத நோய் இருப்பதுபோல் எண் ஏறிக் காட்டலாம். குறைத்துக் காட்ட நினைத்துச் செய்ததே கூட்டிக் காட்டிவிடும்.

விரலில் குத்திப் பார்க்கும் கருவி சந்தேகத்தை எழுப்புவதற்குப் போதும். நோயை உறுதிசெய்ய நரம்பில் எடுத்த ரத்தம் வேண்டும். பக்கத்து வீட்டுக் கருவியை வாங்கித் தினம் நாலு தடவை குத்திக்கொண்டு பதறுவதில் பயனில்லை. குத்தியே தீருவேன் என்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தின்ற விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை ஏற்றிவிடும்.

எழுதிப் பாருங்கள்

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எதையும் மாற்றாமல், வாயில் போவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். நேரம், பொருள், எத்தனை, எவ்வளவு. டீயோடு தின்ற இரண்டு பிஸ்கட், சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்ததை “வீணாகுதே” என்று தின்றது எல்லாம் அதில் வர வேண்டும். மருத்துவர் “என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்கும்போது எல்லோரும் “நார்மலாத்தான் சார்” என்கிறோம். இந்தத் தாள் அதைவிடத் தெளிவாகப் பேசும்.

அதே தாளில் இன்னும் சில தகவல்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: சமீபத்தில் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை ஏதாவது நடந்ததா, மூட்டுக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்தீர்களா, அப்பா அம்மாவுக்குச் சுகர் உண்டா. உடல் நோயோடு போராடும் சமயத்திலும் ஸ்டீராய்டு எடுக்கும் சமயத்திலும் சர்க்கரை தற்காலிகமாக ஏறும். மருத்துவமனையில் படுத்திருந்தபோது வந்த ஓர் எண்ணை வைத்து ஆயுளுக்கும் முத்திரை குத்திக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் மாற்றம் டம்ளரில்

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்பவருக்கு நான் சொல்வது, குடிக்கிற இனிப்பை நிறுத்துங்கள் என்பதுதான். எந்தப் பரிசோதனைக்கும் இதனால் கெடுதல் இல்லை, பலன் நிச்சயம்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம். காபிக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு காபி என்றால் 40 கிராம். அதை மென்று தின்னவில்லை. அதனால் கணக்கிலேயே வைக்கவில்லை. டீக்கடையில் “சர்க்கரை கம்மியா” என்று சொன்னால் அந்த ‘கம்மி’ மாஸ்டரின் கைக்கணக்கு. “சர்க்கரை இல்லாம” என்றே சொல்லுங்கள். முதல் வாரம் கசக்கும். பிறகு பாலின் இனிப்பே நாக்குக்குத் தெரியத் தொடங்கும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் ஆகியவை விதிவிலக்கு என்று பலர் மனதார நம்புகிறார்கள். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுக்கள் கருப்பட்டியில் இருக்கின்றன, மணமும் உண்டு. ஆனால் ரத்தத்தில் கலக்கும்போது அதுவும் சர்க்கரைதான். “கருப்பட்டி காபிதானே” என்று மூன்று டம்ளர் குடிப்பவர், ஒரு டம்ளர் சர்க்கரைக் காபி குடிப்பவரைவிட மோசமான இடத்தில் இருக்கிறார்.

இதே வரிசையில் நிறுத்த வேண்டியவை: பாட்டில் குளிர்பானம், கரும்புச்சாறு, ரோஸ்மில்க், கடை ஜூஸ், பாலில் கலக்கும் சத்துமாவுப் பானப் பொடிகள். வீட்டிலேயே சர்க்கரை போடாமல் பிழிந்த பழச்சாறும்தான். பழத்தைக் கடித்துத் தின்றால் ஒன்றோடு நிற்போம், பிழிந்தால் நாலு பழம் ஒரு மூச்சில் இறங்கிவிடும். மோர் தாராளமாகக் குடிக்கலாம். இளநீர் எப்போதாவது ஒன்று போதும், தாகத்துக்குத் தண்ணீர்தான்.

மதியச் சாப்பாடு: மூன்று சுற்றுச் சோறு

நம் சாப்பாட்டில் பெரிய மாற்றத்துக்கு இடமிருப்பது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு மூன்று சுற்று வரும். ஒவ்வொரு சுற்றும் சராசரியாக ஒரு கப். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப்பில் 150 கிராம் சோறு பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 42 கிராம். மூன்று சுற்றுக்கு 125 கிராமை ஒட்டி வருகிறது, அதுவும் ஒரே வேளையில். அதற்குத் துணையாக இலையோரத்தில் ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு வறுவலும் ஓர் அப்பளமும்.

சோற்றை எதிரியாக்க வேண்டியதில்லை. சுற்றைக் குறைத்தால் போதும். சாம்பாரோ புளிக்குழம்போ மீன்குழம்போ, அதற்கு மட்டும் சோறு. ரசத்தை டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடியுங்கள், மோரையும் அப்படியே. ருசி எதுவும் குறையாமல் பாதிச் சோறு தானாகக் குறையும். நான் இதை முதலில் சொல்லக் காரணம், வருடக்கணக்கில் தொடர்ந்து செய்யக்கூடிய மாற்றம் இது என்பதால்தான்.

குறைத்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்குப் பசி பிடித்துப் பன்னும் பஜ்ஜியும் தேடுவீர்கள். அந்த இடத்தில் காயும் பருப்பும் வர வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தட்டின் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டில் பொரியல் ‘தொட்டுக்கொள்ள’ மட்டும்தான். அதைக் குழிக்கரண்டியால் இரண்டு கரண்டி எடுத்து வையுங்கள். அவரைக்காய், பீன்ஸ், கோவைக்காய், வெண்டைக்காய், முட்டைக்கோஸ், புடலங்காய், பீர்க்கங்காய், வாழைப்பூ, எந்தக் கீரையானாலும் சரி. பாசிப்பருப்புப் போட்ட கூட்டு இருந்தால் காயும் பருப்பும் ஒன்றாக வந்துவிடும். உருளை, சேம்பு, மரவள்ளி, சேனை முதலிய கிழங்குகளைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்; அவை சோற்றுக் கணக்கு. கிழங்கு வறுவல் இருக்கிற நாளில் சோற்றில் ஒரு பிடி குறையட்டும்.

புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். மத்தி, நெத்திலி, அயிலை போன்ற மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம். முட்டை ஒன்று அல்லது இரண்டு. சைவமானால் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, கொள்ளு, பன்னீர், கெட்டித் தயிர். சாம்பார் என்ற பெயரில் பருப்பு அடியில் கிடக்க, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டால் அது புரதமாகாது. அடியிலிருந்து அள்ளுங்கள்.

சாப்பிடும் வரிசையும் உதவும். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் இரண்டாம் வகை நீரிழிவுள்ள சிலரிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. அதே சாப்பாட்டில் காயையும் இறைச்சியையும் முதலில் தின்று, ரொட்டியைக் கடைசியில் தின்றபோது சர்க்கரை ஏற்றம் நன்றாகவே குறைந்தது. நமக்கு இது எளிது: பொரியலையும் முட்டையையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டு முடியுங்கள், பிறகு சோற்றைப் பிசையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை அது எடுத்துக்கொள்ளும்.

புழுங்கலா பச்சரிசியா, குக்கர் சோறா வடித்த சோறா என்ற கேள்விகள் வரும். புழுங்கல் கொஞ்சம் மேல். வடிப்பதால் வரும் வித்தியாசம் சிறியது. எவ்வளவு சோறு என்பதே பெரிய கேள்வி, அதைத் தீர்த்த பிறகு இவற்றைப் பார்க்கலாம்.

காலையும் இரவும்

இட்லி சாப்பிடலாமா? சாப்பிடலாம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 12 கிராம் போல மாவுச்சத்து. ஆறு இட்லியும் ஒரு கரண்டிச் சட்னியும் என்பதை, மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட கெட்டிச் சாம்பார், ஓர் அவித்த முட்டை என்று மாற்றுங்கள். தோசைக்குப் பதில் வாரத்தில் சில நாள் அடை. அதில் அரிசியைவிடப் பருப்புகளை இரண்டு பங்காகப் போட்டு, முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து வார்த்தால் இரண்டிலேயே வயிறு நிறையும். பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த தோசையும் அப்படித்தான். பொங்கல், ரவை உப்புமா, சேமியா, பூரி, புரோட்டா ஆகியவை வாரத்தில் ஒருநாள் விருந்தாக இருக்கட்டும்.

“நைட்டு சப்பாத்திதான்” என்பது தமிழ்நாட்டின் சர்க்கரை வைத்தியம் ஆகிவிட்டது. ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சேர்ந்தால் மதியத்தின் இரண்டு கப் சோற்றுக்குச் சமம். சப்பாத்தி இரண்டு, கூட ஒரு பெரிய கிண்ணம் பச்சைப்பட்டாணியோ பயறோ பன்னீரோ காயோ என்றால்தான் அந்த மாற்றத்துக்குப் பொருள் உண்டு. இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளாமல் எட்டுக்குள் முடிப்பதும் நல்லது.

சிறுதானியத்துக்கும் இதே கணக்குதான். கேழ்வரகு, வரகு, சாமை, தினை எல்லாவற்றிலும் வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு. மாவுச்சத்தோ 100 கிராம் தானியத்தில் 60-லிருந்து 70 கிராம் வரை இருக்கிறது, அரிசியில் 78. ‘இந்தியாப்’ ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025-இல் வந்தன. நாம் எடுக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானிய மாவாகவோ மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றியவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. வரகரிசிச் சோறு பிடித்தால் சாப்பிடுங்கள், ஒரு கப். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். முழுத் தானியமாக வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது. ஓட்ஸ் கஞ்சிக்கும் இதுவே.

பழத்தை நிறுத்த வேண்டாம். கொய்யா, நெல்லி, பப்பாளி, ஆரஞ்சு நல்ல தேர்வு. மா, பலா, சப்போட்டா, சீத்தா காலத்தில் இரண்டு மூன்று துண்டு. செவ்வாழைக்குத் தனிச் சலுகை கிடையாது. அளவில் பெரியது என்பதால் பாதி போதும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வாழைப்பழம் தின்னும் பழக்கத்தை மாலை நேரத்துக்கு மாற்றுங்கள். மாலைப் பசிக்குச் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பொட்டுக்கடலை இருக்கும்போது பிஸ்கட்டும் ரஸ்கும் எதற்கு? ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மைதாதான்.

யாருக்குச் சமையல்?

சந்தேகம் வந்தவர் ஆணாக இருந்தால் வீட்டில் தனிக்குழம்பு, தனிச் சுண்டல், தனி டப்பா என்று ஏற்பாடு நடக்கிறது. பெண்ணாக இருந்தால்? கடைசியாக உட்காருகிறாள். அப்போது மீனும் முட்டையும் பொரியலும் தீர்ந்திருக்கும், மிஞ்சியிருப்பது சோறும் ரசமும். எவ்வளவு நல்ல உணவுப் பட்டியலை மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தாலும் இந்த ஒரு பழக்கம் அதைச் செல்லாததாக்கிவிடும். சமையல் முடிந்ததும் அவளுடைய பங்குக் காயையும் புரதத்தையும் முதலில் எடுத்து மூடி வையுங்கள். இதைப் படிப்பது கணவரோ மகனோ மகளோ என்றால், எடுத்து வைப்பது உங்கள் வேலை.

தனிச் சமையல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பெற்றோருக்குச் சுகர் என்றால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்கே ஒரே சாப்பாடாக மாறினால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் செய்கிறீர்கள்.

இந்த நாட்களில் தொடவே கூடாதவை

அண்ணனுடைய சுகர் மாத்திரை, மாமியாருடைய சுகர் மாத்திரை. “அவருக்கு நல்லா கேட்டுது” என்று பாதியை உடைத்து வாங்கிப் போடுவது நம் ஊரில் நடக்கிறது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சர்க்கரை குறைவாக இருந்தாலும் இன்னும் கீழே இறக்கும். வியர்த்து, நடுங்கி, மயங்கி விழ நேரும், உயிருக்கே ஆபத்தாகலாம். தயவுசெய்து வேண்டாம்.

ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயப் பொடி, கடையில் விற்கும் சர்க்கரைப் பொடிகள் எதையும் பரிசோதனைக்கு முன் புதிதாகத் தொடங்காதீர்கள். வந்த எண் உங்கள் உடம்பினுடையதா, பொடியினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். பாகற்காயைக் குழம்பாக, பொரியலாகச் சாப்பிடுங்கள், வெந்தயம் தாளிப்பில் இருக்கட்டும், அது சமையல். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் நோய் இன்னதென்று உறுதியான பிறகு, பதிவுபெற்ற மருத்துவரிடம் போங்கள்.

முழுப் பட்டினி, சோற்றை அறவே நீக்கும் உணவுமுறை, ஒருவேளை மட்டும் சாப்பிடுவது ஆகியவையும் இப்போது வேண்டாம். கந்த சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ நடந்துகொண்டிருந்தால், அறிகுறிகள் எதுவும் இல்லாதபட்சத்தில் குளுக்கோஸ் பரிசோதனையை அது முடிந்து வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து

குளுக்கோஸ் பரிசோதனைக்குத் தேவையான 150 கிராம் மாவுச்சத்து, மேலே சொன்ன அளவான சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறதா என்று பார்ப்போம். காலையில் மூன்று இட்லி: 36. மதியம் ஒன்றரை கப் சோறு: 63. மாலை ஒரு கப் சுண்டலும் ஒரு கொய்யாவும்: ஏறக்குறைய 35. இரவு இரண்டு சப்பாத்தி: 40. இரண்டு டம்ளர் பால் காபியில் 10. கூட்டினால் 180-ஐத் தாண்டுகிறது. ஆக, இந்த மாற்றங்களைச் செய்துகொண்டே பரிசோதனைக்கும் போகலாம். அதற்காக இனிப்பை வலிந்து தின்ன வேண்டியதில்லை. இந்த மூன்று நாளும் இதற்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

முதல்நாள் இரவு வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாடு. பட்டினி 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 14 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. காலை நடைப்பயிற்சியை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். லேபுக்குச் சீக்கிரம் போங்கள். குளுக்கோஸ் கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடப்பது, புகைப்பது, டீ குடிப்பது கூடாது. வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அந்தப் பரிசோதனை செல்லாது.

குளுக்கோஸ் இல்லாமல் ‘சாப்பிட்டு இரண்டு மணி நேரம்’ என்று சொல்லியிருந்தால், தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். அன்றைக்கு மட்டும் ஓர் இட்லியோடு எழுந்துகொள்வது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் என்று கணக்கு.

முடிவு வந்ததும்

வெறும் வயிற்றில் (மி.கி./டெ.லி. கணக்கில்) 100-க்குக் கீழ் இயல்பு. 100 முதல் 125 வரை முன்நிலை. 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழ் இயல்பு. 140 முதல் 199 வரை முன்நிலை. 200-உம் மேலும் நீரிழிவு. எச்பிஏ1சி 5.7-க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-உம் மேலும் நீரிழிவு. அறிகுறிகள் எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு கூடுதல் எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு பரிசோதனைகள் ஒத்துப்போக வேண்டும், அல்லது அதே பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும். மருத்துவரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

முன்நிலை என்றால் இந்தச் சாப்பாட்டை விடாமல் தொடருங்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் முன்நிலையில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக் கணக்கில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் பெரிய வித்தை அல்ல: சர்க்கரையை விடுவது, மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது, தினம் அரைமணி நேரம் நடப்பது. எடை கூடுதலாக இருந்தால் 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை.

நீரிழிவு என்று உறுதியானால் மருத்துவர் மருந்து எழுதுவார். அதைச் சாப்பாட்டுக்குப் போட்டியாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதம், ரத்தக்கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகிய ஐந்தையும் ஆரம்பத்திலேயே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் இரண்டாம் வகை நீரிழிவு தெரியவருவதற்கு முன்பே பல வருடம் உள்ளே இருந்திருக்கலாம். எழுதி வைத்த அந்த உணவுத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு எந்த வேளையைத் தவறவிடக் கூடாது, சர்க்கரை தாழ்ந்தால் உடனே என்ன செய்வது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் அந்த அறையைவிட்டு வெளியே வராதீர்கள்.

இயல்பு என்று வந்தாலும், முப்பது வயதைத் தாண்டியவராகவோ, வீட்டில் யாருக்காவது சுகர் இருப்பவராகவோ, இடுப்புச் சுற்றளவு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்ற அளவைத் தொட்டவராகவோ இருந்தால், அடுத்த பரிசோதனைக்கான மாதத்தை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.